வில்லன்: உழுதவனுக்குச் சூட்டிய பெயர்!

ஆங்கிலம் அறியாதாரும் அறிந்த ஆங்கிலச் சொற்கள் நம்மிடையே பல உலவுகின்றன. அவற்றுள் முன்வரிசையில் நிற்பது ‘வில்லன்’ என்ற சொல். டூரிங் கொட்டகையின் மணல் தரையில் அமர்ந்து படம் பார்த்த தலைமுறைக்கும் அதன் பொருள் தெரியும். கைப்பேசியிலே படம் காணும் இன்றைய இளைஞனுக்கும் தெரியும். கதாநாயகியைக் கடத்துபவன், கள்ளக் கையெழுத்துப் போடுபவன், ஏழையின் குடிசைக்குத் தீ வைப்பவன், இறுதிக் காட்சியில் உதைபட்டு ஒழிபவன்—அவனே வில்லன்! கொடுமையின் மொத்த உருவம். இரக்கம் என்பதை எட்டியும் பாராத நெஞ்சம்.

அந்தச் சொல் பிறந்த வீட்டைத் தேடிச் சென்றால் என்ன காண்கிறோம்? அங்கே கொலைகாரன் இல்லை, கொள்ளைக்காரன் இல்லை, கள்ளக் கையெழுத்துக்காரனும் இல்லை. காலெல்லாம் சேறாக, கையெல்லாம் காய்ப்பாக, விடியுமுன் வயலுக்குச் செல்லும் ஓர் உழவன் நிற்கிறான்! ஆம், உழவன்! ஊருக்குச் சோறு போட்டவன். அவனுடைய பெயர்தான் வில்லன்!

விளையாட்டுக்காகக் கூறுவதன்று. இலத்தீன் மொழியிலே ‘வில்லா’ என்பது நாட்டுப்புறத்துப் பண்ணைவீடு. அந்தப் பண்ணையைச் சேர்ந்தவன், அங்கே பாடுபட்டுக் கிடந்தவன், ‘வில்லானுஸ்’. அது பிரெஞ்சு மொழியிலே ‘விலேன்’ ஆயிற்று. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்று ஆளத் தொடங்கிய பிறகு, வென்றவர்களின் மொழியோடு அந்தச் சொல்லும் கடல் கடந்தது. கிராமத்தைக் குறிக்கும் ‘வில்லேஜ்’ என்பதும் அதே வேரில் கிளைத்ததே.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். நம் நகரங்களின் புறத்தே செல்வர்களுக்கென எழுப்பப்படும் சொகுசு மாளிகைகளுக்கு என்ன பெயர் இடுகிறார்கள்? ‘வில்லா’! வண்ண வண்ண விளம்பரங்கள், வாயிற்காவல், நீச்சற்குளம்—அத்தனைக்கும் அந்தப் பெயர் பொருத்தமாம், பெருமையாம்! ஒரே வேர், இரண்டு கிளை. வீட்டின் பெயர் வீட்டுடையானோடு சேர்ந்து மாளிகை ஆயிற்று. அந்த வீட்டுக்கு உழைத்தவன் பெயர் வசைமொழி ஆயிற்று. கல்லும் சுண்ணாம்பும் பெற்ற மதிப்பை, கல் சுமந்தவன் பெறவில்லை!

எப்படி நேர்ந்தது இந்த வீழ்ச்சி? தானாக நேர்ந்ததா? யாரேனும் நேர்வித்தனரா? அதைத்தான் ஆராய வேண்டும்.

1086ஆம் ஆண்டில், இங்கிலாந்தை வென்ற முதலாம் வில்லியம் தன் நாட்டின் நிலபுலன்களைக் கணக்கெடுத்து எழுதுவித்தான். டூம்ஸ்டே ஏடு என்பது அதன் பெயர். எந்த ஊர், எவ்வளவு நிலம், எத்தனை ஏர், எத்தனை ஆலை, யாருக்கு உரிமை என்றெல்லாம் அதிலே குறித்தனர். அந்த ஏட்டில் எண்ணிக் காட்டப்பட்ட நாட்டுப்புற மக்களுள் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கினர் ‘வில்லானி’ என்றே குறிக்கப்பட்டுள்ளனர். அன்று அது வசையன்று. ஊரார், குடியானவர் என்பதே பொருள். நிலமும் ஏரும் உடைய மக்களே அவர்கள்.

அடுத்த நூறாண்டுகளில் முடிச்சு இறுகிற்று. இரண்டாம் ஹென்றி ஆண்ட காலம் 1154 முதல் 1189 வரை. அக்காலத்தில் அரசனின் நீதிமன்றங்கள் நிலவழக்குகளுக்கு வாயில் திறந்தன. யாருக்குத் திறந்தன? ‘சுதந்திரமானவன்’ எவனோ அவனுக்கு மட்டும்! ஆகவே, யார் சுதந்திரமானவன், யார் அல்லன் என்று கோடு கிழிக்க வேண்டிய தேவை சட்டப் புலவர்களுக்கு ஏற்பட்டது. கிழித்தார்கள். கோட்டுக்கு அப்பால் தள்ளப்பட்டவன் வில்லெயின்! ஆண்டை தன் நிலத்தைப் பறித்தால் அரசனின் மன்றத்தில் வழக்காடும் உரிமை அவனுக்கு இல்லை. நீதியின் பெயரால் திறந்த கதவே அவன் முகத்தில் அறைந்து சாத்தப்பட்டது!

அந்தப் பண்ணையடிமையின் வாழ்வு எப்படி இருந்தது? பல பண்ணைகளில் வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஆண்டையின் நிலத்தில் கூலியின்றி உழைக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் அதற்கு மேலும் உழைக்க வேண்டும். தன் கதிர் மழையில் நனைந்தாலும் ஆண்டையின் கதிர் முதலில் களம் சேர வேண்டும். தன் தானியத்தை ஆண்டையின் ஆலையில்தான் அரைக்க வேண்டும். அரைத்ததில் ஒரு பங்கு ஆண்டைக்கு. மகளுக்கு மணம் முடிக்க வேண்டுமா? அதற்கும் ஆண்டைக்குப் பணம் கட்ட வேண்டும். குடும்பத் தலைவன் இறந்தானா? தொழுவத்தில் உள்ளவற்றுள் சிறந்த மாட்டை ஆண்டையின் ஆள் ஓட்டிச் செல்வான். கண்ணீர் காயுமுன் காளை போகும்! ஊரை விட்டு வெளியேறவும் ஆண்டையின் இசைவு வேண்டும்.

இப்போது சொல்லுங்கள், தோழர்களே: அந்த ஊரிலே வில்லன் யார்? இழவு வீட்டில் மாடு பிடித்தவனா, மாட்டைப் பறிகொடுத்தவனா?

நாம் விடை கூறிவிடுவோம். ஆனால் அகராதி வேறு விடை கூறுகிறது! ஏனெனில் அகராதிக்குச் சொல் வழங்கிய வாய் உழவனுடைய வாய் அன்று. எழுதுகோல் அவன் கையில் இல்லை. கணக்கெழுதியவன் ஆண்டையின் கணக்கன். வரலாறு எழுதியவன் மடத்துத் துறவி. கதை கட்டியவன் அரண்மனைப் புலவன்.

அரண்மனைப் புலவர்களின் கைவண்ணத்தைப் பாருங்கள். 12ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மொழியில் வீரக் காவியங்கள் இயற்றியவர் கிரெத்தியேன் தெ துருவா. அவருடைய ‘இவேன்’ என்ற காவியத்தில், காட்டிலே மாடு மேய்க்கும் ஒரு ‘விலேன்’ வருகிறான். அவன் தலை குதிரைத் தலையினும் பெரிதாம். காதுகள் யானைக் காதுகளாம். பல் பன்றிப் பல்லாம்! அவனைக் கண்ட வீரன், நீ நல்ல பிராணியா, கெட்ட பிராணியா என்று கேட்கிறான். நான் மனிதன் என்று விடை கூறுகிறான் அந்த மாடு மேய்ப்பவன். தன்னை மனிதன் என்று மெய்ப்பிக்க வேண்டிய நிலை! குதிரை மீதிருப்பவனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. குதிரையே அவனுக்குச் சான்று.

அக்காலத்தில் இனிய பண்புக்கு என்ன பெயர்? ‘கர்ட்டசி’. அது ‘கோர்ட்’ என்ற சொல்லில் பிறந்தது. அதாவது அரசவை நடத்தை. அதற்கு எதிர்ப்பண்பு என்ன? ‘விலனி’, அதாவது குடியானவன் நடத்தை. முடிந்தது வேலை! அரண்மனையில் பிறந்தது பண்பு, அறுவடைக் களத்தில் பிறந்தது பண்பின்மை என்று இலக்கணமே வகுத்துவிட்டனர். 1300ஐ ஒட்டிய காலத்திலேயே ஆங்கிலத்திலும் அந்தச் சொல் இழிந்தவன், கயவன் என்ற பொருளில் புழங்கத் தலைப்பட்டது.

ஷேக்ஸ்பியரின் காலத்தில், 1600ஐ ஒட்டி, இரண்டு பொருளும் ஒரே சொல்லில் குடியிருந்தன. ‘ஆஸ் யூ லைக் இட்’ நாடகத்தின் முதற்காட்சியிலேயே அதைக் காணலாம். ஆலிவர் தன் தம்பி ஆர்லாண்டோவுக்குக் கல்வி தராது குடியானவன் போல் வளர்க்கிறான். பின்னர் அவனையே வில்லன் என்று ஏசுகிறான். கயவன் என்ற பொருளில்தான் ஏசுகிறான். தம்பியோ, தான் இன்ன பிரபுவின் மகன், ஆகவே வில்லன் அல்லன் என்று மறுக்கிறான். தான் குற்றம் செய்யவில்லை என்பதன்று அவனுடைய வாதம். தான் தாழ்ந்த குடியில் பிறக்கவில்லை என்பதே வாதம்! நல்லவன் என்பதற்குப் பிறப்பே போதிய சான்று என்று கருதிய சமுதாயத்தின் நாடியை அந்த ஒரு மறுமொழி காட்டுகிறது. 19ஆம் நூற்றாண்டில் அந்தச் சொல் கதையிலும் நாடகத்திலும் வரும் தீயவனுக்கு உரிய பெயராக நிலைத்தது. அங்கிருந்து படத்துறைக்கு வந்தது; நம் ஊர்க் கொட்டகைக்கும் வந்தது.

உழவன் இவற்றை எல்லாம் ஊமையாய்ப் பார்த்துக்கொண்டிருந்தானா? இல்லை! 1348இல் கொள்ளைநோய் இங்கிலாந்தில் புகுந்தது. மக்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாண்டனர். உழைக்கும் கை குறைந்தது. ஆகவே கூலி உயர்ந்தது. உயர்ந்த கூலியைக் கண்டு உள்ளம் பதறிய நிலவுடையோர், 1351இல் தொழிலாளர் சட்டம் இயற்றி, நோய்க்கு முன்னிருந்த கூலிக்கு மேல் கேட்பதைக் குற்றமாக்கினர். பிரெஞ்சு நாட்டோடு நடந்த போருக்கென்று தலைவரியும் விதித்தனர்; சீமான் தலைக்கும் கூலியாள் தலைக்கும் ஒரே விதி!

1381ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கெண்ட், எசெக்ஸ் வட்டாரத்து மக்கள் திரண்டு இலண்டனுக்குள் புகுந்தனர். வாட் டைலர் தலைவன். மாந்தர் அனைவரும் சமமாகவே பிறந்தனர், அடிமைத்தளை பின்னர் மனிதன் பூட்டியது என்று ஊர் ஊராகப் பேசியவர் ஜான் பால் என்ற பாதிரியார். ஜூன் 14ஆம் நாள் மைல் எண்டு என்ற இடத்தில், பதினான்கு வயது மன்னன் இரண்டாம் ரிச்சர்டு அவர்களைச் சந்தித்தான். பொன் கேட்டனரா? பொருள் கேட்டனரா? பண்ணையடிமை முறை ஒழிய வேண்டும் என்று கேட்டனர்! மன்னன் இசைந்தான், விடுதலைப் பட்டயங்கள் எழுதித் தந்தான். மறுநாளே, ஸ்மித்ஃபீல்டு திடலில், பேச்சுவார்த்தையின்போதே வாட் டைலர் வெட்டுண்டான். ஜூலை பிறந்தது, பட்டயங்கள் செல்லா என்று அறிவித்தனர். ஜான் பால் தூக்கிலிடப்பட்டார்.

அந்தக் கிளர்ச்சியில் கருதத்தக்க ஒரு செய்தி உண்டு. கிளர்ச்சியாளர் பல ஊர்களில் பண்ணைப் பதிவேடுகளைத் தேடி எடுத்துத் தீயிட்டனர். படிப்பறிவில்லாத மூடர் ஏட்டை எரித்தனர் என்று ஏளனம் செய்யலாம். ஆனால் தம்மைப் பூட்டிய விலங்கு இரும்பில் இல்லை, எழுத்தில் இருக்கிறது என்பதை அந்தப் ‘பாமரர்’ அறிந்திருந்தனர்! அந்த நாட்களைப் பற்றி எழுதி வைத்தவர் யார்? பெரும்பாலும் மடத்துத் துறவியர். செயின்ட் ஆல்பன்ஸ் மடமே பெரிய ஆண்டை. அதன் குடிகளே அதை எதிர்த்துக் கிளர்ந்தனர். அந்த மடத்துத் துறவி தாமஸ் வால்சிங்காம் அந்தக் கிளர்ச்சியின் வரலாற்றை எழுதினார். வழக்கில் எதிர்வாதியே தீர்ப்பும் எழுதினால் எவன் வில்லன் ஆவான் என்பதை விளக்க வேண்டுமா?

கிளர்ச்சி தோற்றது; ஆனால் முறை நிலைக்கவில்லை. ஆள் பற்றாக்குறை ஒருபுறம். பண்ணையை விட்டு ஓடிய உழவர் மறுபுறம். மீண்டும் எழுவார்களோ என்ற அச்சம் வேறு. மெல்ல மெல்லத் தளை தளர்ந்தது. 1574இல் முதலாம் எலிசபெத் அரசி, தன் பண்ணைகள் சிலவற்றில் எஞ்சியிருந்த அடிமைக் குடிகளை விடுவிக்க ஆணையிட்டாள். இலவசமாக அன்று, பணம் பெற்றுக்கொண்டு! 1618இல் நடந்த ஒரு வழக்கே பண்ணையடிமை பற்றிய கடைசி வழக்கு என்பர். அத்துடன் அந்த முறை மறைந்தது.

முறை மறைந்து நானூறு ஆண்டுகள் ஆகின்றன. வசை மறைந்ததா? வில்லெயின் செத்தான்; வில்லன் வாழ்கிறான்! சட்டம் அவிழ்த்த முடிச்சைச் சொல் இன்னும் இறுக்கிப் பிடித்திருக்கிறது.

“ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு உலகையே குற்றம் சாட்டுவதா? சொற்கள் காற்றடித்த பக்கம் செல்லும் சருகுகள். ‘நைஸ்’ என்பது ஒரு காலத்தில் அறிவிலி என்று பொருள்பட்டது. இன்று இனியது என்கிறது. ‘சில்லி’ என்பது ஒரு காலத்தில் பேறு பெற்றவனைக் குறித்தது. இன்று அசடனைக் குறிக்கிறது. இதற்கெல்லாம் எந்த ஆண்டை சதி செய்தான்?” என்று கேட்பர் சில பண்டிதர்கள்.

நல்ல கேள்வி, விடை கூறுவோம். தனிச் சொல் ஒன்று ஏறலாம், இறங்கலாம். அது தற்செயல் எனலாம். ஆனால் சமுதாயத்தில் ஒருவனுடைய இடத்தைக் குறித்த சொற்களை மட்டும் வரிசையாக நிறுத்திப் பாருங்கள். ‘சர்ல்’: சாதாரணக் குடிமகன், பின்னர் முரடன். ‘பூர்’: உழவன், பின்னர் நயமற்றவன். ‘நேவ்’: சிறுவன், ஏவலாள், பின்னர் போக்கிரி. ‘ராஸ்கல்’: எளிய மக்கள் கூட்டம், பின்னர் அயோக்கியன். இந்நாட்டு ஏவலாளை நோக்கி வெள்ளைத் துரைமார் வீசிய அந்தச் சொல்லின் பிறப்பு இதுதான்! ‘மீன்’: பொதுவானது, பின்னர் கேவலமானது. ‘வல்கர்’: பொதுமக்களுக்கு உரியது, பின்னர் ஆபாசம். ‘லூட்’: பாதிரி அல்லாதவன், எழுத்தறியாதவன், பின்னர் காமுகன். மத குருவின் கல்வி பெறாதவன் ஒழுக்கமும் இல்லாதவனாம்!

மறுபக்கத்து வரிசையையும் பாருங்கள். ‘ஜென்டில்’: நற்குடியில் பிறந்தவன், பின்னர் மென்மையானவன். ‘ஜெனரஸ்’: உயர்குலத்தவன், பின்னர் வள்ளல். ‘நோபிள்’: பெயர் பெற்ற குடியினன், பின்னர் சான்றோன். கீழே இருந்தோரின் பெயரெல்லாம் கீழே உருண்டன. மேலே இருந்தோரின் பெயரெல்லாம் மேலே ஏறின. காற்றடித்த சருகு இப்படித்தான் தரம் பார்த்துப் பறக்குமோ? சி. எஸ். லூயிஸ் சமயப் பற்று மிக்கவர், புரட்சிக்காரர் அல்லர். சொற்களை ஆராய்ந்து 1960இல் அவர் வெளியிட்ட நூலில், நிலையைக் குறித்த சொற்கள் ஒழுக்கத்தைக் குறிக்கும் சொற்களாக மாறும் இந்தப் போக்கைத் தனியே பெயரிட்டுப் பேசுகிறார். நாம் மட்டும் கண்ட கனவன்று இது.

விதிவிலக்கு இல்லையா? உண்டு, அந்த விலக்கே விதியை வலுப்படுத்துகிறது. ‘நைட்’ என்பதற்கும் பழம்பொருள் சிறுவன், ஏவலாள் என்பதே. ‘நேவ்’ என்பதன் உடன்பிறப்பு போன்றது அது. ஒருவனுக்குக் குதிரையும் வாளும் நிலமும் கிடைத்தன, பெருவீரன் ஆனான். மற்றவனுக்கு எதுவும் கிடைக்கவில்லை, போக்கிரி ஆனான். ‘மார்ஷல்’ என்பவன் முதலில் குதிரை பார்க்கும் வேலைக்காரன். அரசனின் குதிரை ஆகையால் அவன் படைத்தலைவன் ஆனான்! முரடனைக் குறிக்கும் ‘சர்ல்’ என்ற சொல்லும் ‘கார்ல்’ என்ற பெயரும் ஒரே வேரில் கிளைத்தவை. அந்தப் பெயரைச் சார்லமேன் என்ற பேரரசன் தாங்கியதால், ஸ்லாவிய மொழிகள் பலவற்றில் அதுவே ‘அரசன்’ என்பதற்குச் சொல்லாயிற்று. உழவன் தலையில் வசை. அரசன் தலையில் மகுடம். வேர் ஒன்றுதான், தலைதான் வேறு!

ஆங்கிலேயனின் அகராதியைக் கண்டு நகைத்துவிட்டு நாம் அமர்ந்துவிட முடியுமா? நம் வீட்டு முற்றத்தையும் பார்ப்போம். ஒருவனை இகழ வேண்டுமா? ‘பட்டிக்காட்டான்’ என்கிறோம். வில்லானுஸ் என்பதற்கு இதைவிடச் சரியான தமிழ் உண்டோ? பண்புடைமைக்கு நாம் வழங்கும் பெயர் என்ன? ‘நாகரிகம்’; நகரத்தான் நடத்தை! ஏர் ஓட்டுபவனின் ஊர் வசையாகவும், அவன் விளைத்ததை உண்பவனின் ஊர் பண்பாகவும் நம் நாவிலும் நடமாடுகின்றன.

இன்னும் கொடியது ஒன்றுண்டு. பறை என்ற இசைக்கருவியோடு தொடர்புடைய ஒரு மக்கட் பிரிவின் பெயர், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குள் சென்றது. ‘பரையா’ என்று திரிந்தது. ஒதுக்கப்பட்டவன், தீண்டத்தகாதவன் என்ற பொருளில் இன்று உலகெங்கும் வழங்குகிறது. பிற நாடுகளால் ஒதுக்கப்பட்ட நாட்டைக் குறிக்க, கற்றறிந்த செய்தித்தாள்கள் அந்தச் சொல்லைக் கூசாது எழுதுகின்றன. உலகுக்குத் தமிழ் வழங்கிய சொற்களைப் பட்டியலிட்டுப் பெருமை கொள்வோர், அந்தப் பட்டியலில் இதையும் கண்டு தலைகுனிய வேண்டாமா? தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு முழங்குகிறது. ஒழிக்கப்பட்டது சட்டத்தில், அகராதியில்? அன்றாடப் பேச்சில்? சண்டையில் வீசும் ஏச்சில்?

சொல்லை மாற்றினால் சோறு கிடைக்குமா என்று கேட்கலாம். கிடைக்காது. இங்கிலாந்து உழவன் விடுதலை பெற்றது சொல்லாராய்ச்சியால் அன்று. ஓடியும் எதிர்த்தும் போராடியும்தான். ஆனால், விடுதலை பெற்ற பிறகும் அவன் பேரன் மேடையில் வில்லனைக் கண்டு கை கொட்டிச் சிரித்தானே, தன் பாட்டன் பெயர் அது என்று அறியாமலே—அதை எண்ணுங்கள்! ஆண்டை போன பிறகும் ஆண்டையின் தீர்ப்பைத் தன் வாயால் தானே படிக்கும் அவலம் அது. அந்த அவலம் நமக்கு வேண்டாம்.

வழிவழி வந்தது என்று எதையும் ஏற்காதவன் பகுத்தறிவாளன். வழக்கத்தைக் கேள்வி கேட்கிறான்; சடங்கைக் கேள்வி கேட்கிறான். சொல்லை மட்டும் சும்மா விடலாமா? ஒவ்வொரு வசைச் சொல்லையும் நிறுத்தி விசாரியுங்கள்: உனக்கு இந்தப் பொருளைத் தந்தவன் யார்? அப்போது அவன் எங்கே அமர்ந்திருந்தான்? நீ யாருடைய பெயராக இருந்தாய்?

ஆங்கிலத்தில் ‘டேஞ்சர்’ என்றால் ஆபத்து. மின்கம்பத்தில் மண்டையோட்டின் கீழே எழுதியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அந்தச் சொல்லுக்கு முதற்பொருள் என்ன தெரியுமா? ஆண்டையின் அதிகாரம்! ஆண்டையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது அது. ஆண்டையின் அதிகாரத்துக்குள் அகப்படுவதே ஆபத்து என்று மக்கள் தம் பட்டறிவால் பொருள் மாற்றிக்கொண்டனர். எழுதுகோல் இல்லாத மக்கள் நாவினாலேயே எழுதி வைத்த தீர்ப்பு அது. மேன்முறையீடு இல்லாத தீர்ப்பு!

அடுத்த முறை ‘பட்டிக்காட்டான்’ என்று எவரேனும் ஏளனம் பேசினால், அன்று உண்ட சோற்றை அவருக்கு நினைவூட்டுங்கள். அந்த ஏளனம் நம் நாவிலேயே வருமானால், நாவை அடக்குங்கள்.